தறிக்கூடத்துச் சுவர்

நகராட்சியில் நான் பார்த்த வேலையை எங்கள் காஞ்சிபுரத்தில் யாரும் வேலை என்றே ஒத்துக்கொண்டதில்லை. ஊரான் கட்டுகிற வீட்டில் போய் நொட்டை சொல்வதெல்லாம் ஒரு உத்தியோகமா என்பார்கள். கட்டட ஓவர்சியர் என்று பெயர். கடைக்கால் தோண்டும்போது ஒரு தரம், சுவர் எழும்பும்போது ஒரு தரம், தளம் போடும்போது ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். பிளானில் உள்ளபடி கட்டுகிறார்களா, கடைக்கால் கெட்டித் தரைவரை இறங்கியிருக்கிறதா, சுண்ணாம்பைச் சரியாக அரைத்தார்களா, அண்டை வீட்டுச் சுவருக்குக் கெடுதல் வருமா என்று பார்த்து, சரியில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்வதோடு சரி. கேட்காதவனுக்கு நோட்டீஸ் போகும். அது போய்ச் சேருவதற்குள் அவன் கிரகப்பிரவேசத்தை முடித்துவிட்டு எனக்கும் ஒரு பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருப்பான்.

தேர் போகிற வீதியில் ஒருத்தர் மாடி ஜன்னலுக்கு மேலே சன்ஷேடை இரண்டு முழம் வெளியே நீட்டிவிட்டார். தேர் வந்தால் இடிக்குமே என்றேன். "தேர் வருஷத்துல ஒரு நாள்தான வருது, மழை அப்படியா?" என்றார். உங்கள் சன்ஷேடுக்காகத் தேர் ஒதுங்கிப் போகுமா என்று கேட்டேன். "அதெல்லாம் சாமி பாத்துக்கும் சார்" என்றார். சாமிதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றால் எனக்கு எதற்கு நகராட்சி சம்பளம் கொடுக்கிறது, சாமிக்கே கொடுத்துவிடலாமே என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். மறுநாள் கொத்தனாரை விட்டு அறுத்துவிட்டார். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அந்த வேலைக்கு அது வேண்டியும் இருந்தது.

இதெல்லாம் என் மனைவி இருந்தவரைக்கும். அறுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கிருந்து திரும்பி வரவில்லை. எங்களுக்கு ஒரே பெண், பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசுகூட ஆகவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று என் முகத்தைப் பார்த்தார்கள். மச்சானின் மனைவி யாரையும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டப் போய்விட்டாள். அவ்வளவுதான், அதுவே முடிவாகிவிட்டது.

அவள் எனக்கு அக்கா முறை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைத் தம்பி என்பாள். அவளுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மச்சான் நெசவு. வீட்டிலேயே தறி. கோபக்காரர், ஆனால் நெசவில் ஒரு இழை பிசகாது.

நான் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வரவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி ஆள் முழுக்க மரத்துப்போயிருந்தேன். சைக்கிள் மிதித்தேன், டேப் பிடித்தேன், ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ஓட்டலில் வைத்ததைச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிளானில் இல்லாத இடத்தில் ஒருவன் வாசலைத் திறந்து வைத்திருந்தான். தப்பு, அடைத்துவிடு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கத்தவில்லை. ஓவர்சியர் இப்போதெல்லாம் சாதுவாகிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் வீட்டில் சாப்பாடு. பெண்ணைப் பார்க்கப் போவது என்று பேர். போவேன், சாப்பிடுவேன், அவள் ஏதாவது சொன்னால் உம் கொட்டுவேன், வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவேன். அவள் அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டே எனக்குக் கையாட்டுவாள்.

ஆவணியில் ஒரு ஞாயிறு போனபோது, தறிக்கூடத்தில் கால் வைத்தவன் தடுமாறிக் கீழே போயிருப்பேன். தரையைக் காணோம். தறி இருந்த இடம் முழுக்க ஒரு முழத்துக்கு மேலேயே தோண்டி இறக்கியிருந்தார் மச்சான். என் பெண் மேட்டிலிருந்து பள்ளத்தில் குதிப்பதும் மறுபடி ஏறுவதுமாக ஒரே கும்மாளம்.

விஷயம் இதுதான். அந்த வருஷங்களில் எங்கள் தெருக்களில் ஒவ்வொருவராகத் தறிக்கு ஜக்கார்டு பெட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கரையில் யானையும் மயிலும் விழ வேண்டும் என்றால் முன்னே பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து இழை தூக்க வேண்டும். பெட்டி வந்ததும் அந்த வேலையை அது செய்தது. ஆனால் பெட்டி தறிக்கு மேலே நிற்கும். நெசவுக்காரர் வீட்டுக் கூரையெல்லாம் தாழ்வு, பெட்டி போய் உத்தரத்தில் முட்டும். கூரையை உயர்த்த வேண்டும் என்றால் பிளான், லைசென்ஸ், என்னைப் போன்ற ஒரு சனியன் வந்து நிற்பான். எனவே தரையை இறக்கினார்கள். நெசவுக்காரனுக்குக் குழி என்பது தறியின் ஒரு உறுப்பு. கால் வைத்து மிதிக்க எப்போதும் ஒரு குழி இருக்கிறது, அதையே கொஞ்சம் பெரிசாக்கினால் என்ன என்பது அவர்கள் கணக்கு. குழி வீட்டைச் சேர்ந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மற்ற வீடுகளில் சுவரைவிட்டுத் தள்ளித் தோண்டியிருந்தார்கள். மச்சான் வீட்டில் கூடம் குறுகல். சுவரை ஒட்டி வெட்டியிருந்தார். பழைய செங்கல் சுவர், உள்ளே மண்சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சுவரின் கடைசி வரிசைச் செங்கல் பள்ளத்தின் தரையைவிட உயரத்தில் தெரிந்தது. அதாவது சுவருக்குக் கீழே சுவர் இல்லை, வெட்டி விட்ட மண் மட்டும்தான். மூலையில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் மேலே போனது.

"கூரையை ஒசத்தியிருக்கலாமே மச்சான். நானே பிளான் போட்டுக் குடுத்திருப்பேனே" என்றேன்.

அக்காதான் சொன்னாள். "இந்த வீட்ல சாவு விழுந்து வருஷம் திரும்பல தம்பி. கூரையைப் பிரிக்கக் கூடாதுன்னுதான்."

அந்த வீட்டில் விழுந்த சாவு என் மனைவியுடையது.

அந்தச் சுவரோரம்தான் அக்காவும் குழந்தையும் படுப்பார்கள். ஜக்கார்டு வந்த பிறகு கூடத்தில் பாய் விரிக்க வேறு இடம் இல்லை. மச்சான் நடையில் படுத்துக்கொள்வார். இதையெல்லாம் பார்த்தேன். பார்த்து மனசுக்குள் வரிசையாக அடுக்கினேன். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு கட்டடத்தைப் பற்றி யோசிக்கிற மாதிரித்தான் யோசித்தேன்.

மறுநாள் எங்கள் இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சட்டத்துல சுவர் இருக்குது, கூரை இருக்குது, ஜன்னல்கூட இருக்குது. தரையைத் தோண்டினா என்ன பண்றதுன்னு எங்கய்யா இருக்குது?"

"சுவர் இறங்கிடும் சார்."

"ஆபத்தான கட்டடம்னு நோட்டீஸ் குடுக்கலாம். ஆனா சுவர் நகருதுன்னு நீ காட்டணும். நாளைக்கு அவரு வக்கீலோட வந்து நின்னா, எங்க ஓவர்சியருக்குத் தோணுச்சுன்னு நான் சொல்ல முடியுமா? அதுவரைக்கும் அட்வைஸ் பண்ணு."

அட்வைஸ்தானே. அடுத்த ஞாயிறு போய்ப் பண்ணினேன். அதற்குள் தறி மறுபடி ஏறியிருந்தது. பள்ளத்தை மூடுங்கள், இல்லை சுவருக்குக் கீழே கருங்கல் கட்டுங்கள், இல்லை அதுவரைக்கும் முட்டாவது கொடுங்கள் என்றேன். மச்சான் வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். "இப்பத்தான் பாவு ஏத்தியிருக்குது மாப்ளே. மூணு சேலை இறங்கட்டும். அப்பறம் நீங்க சொல்ற மாதிரி செஞ்சுடலாம்." தறியில் நீளவாட்டில் கட்டின பட்டு இழைக்குத்தான் பாவு என்று பெயர். ஒரு தரம் ஏற்றினால் மூன்று சேலைக்கு வரும். நடுவில் தறியைக் கழற்றினால் ஆயிரக்கணக்கான இழையை அறுக்க வேண்டும். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன் நான், அது என்னவென்று எனக்கும் தெரியும். சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் நின்றேன்.

கடைசியில் கண்ணாடி ஒட்டினேன். சுவர் நகர்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்வது அது. மெல்லிசான ஒரு கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் கொஞ்சம் சிமெண்டை அப்பிவிடுவோம். சுவர் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் கண்ணாடி பட்டென்று உடைந்துவிடும். உடையாவிட்டால் நிம்மதி. குழந்தை கை எட்டாத உயரத்தில் ஒட்டினேன். இது எதுக்கு என்று என் பெண் கேட்டாள். "இது உடைஞ்சா இந்த வீட்ல இருக்கக் கூடாதுன்னு அர்த்தம்" என்றேன். குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்றுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. அக்கா கையில் ஊடைநூல் சுற்றின தார்க்குச்சியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர். பாவு காயப் போட முடியாமல் ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு ஞாயிறும் போய் முதலில் கண்ணாடியைப் பார்ப்பேன். முழுசாக இருக்கும். அடுத்த ஞாயிறும் முழுசாக இருக்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், விரிசல் பூச்சுக்குள் போய்விட்டது, கண்ணாடி மட்டும் அப்படியே பளபளவென்று இருந்தது. அவ்வளவு மழைக்கும் சுவர் நகரவில்லை. என் கணக்குத்தான் தப்புபோல என்று நினைத்துக்கொண்டேன். எப்படித் தப்பும் என்று முன்பாக இருந்தால் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பேன். அப்போது, தப்பினால் தப்பட்டும் என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். மச்சான் இரண்டு சேலை இறக்கியிருந்தார். மூன்றாவது ஒரு கல்யாணச் சேலை, அரக்கில் பச்சைக் கரை, தறியில் பாதி நின்றது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. மச்சான் பட்டு வாங்கப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டு மேட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, எறும்புல்லாம் கண்ணாடிக்குப் போவுதுப்பா" என்றாள்.

உம் கொட்டினேன். உம் கொட்டின பிறகுதான் காதில் விழுந்தது. சிமெண்டில் எறும்புக்கு என்ன வேலை?

எழுந்து போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து கண்ணாடிவரை சிற்றெறும்பு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். கண்ணாடி கையோடு வந்துவிட்டது. பின்னால் வெள்ளையாகக் காய்ந்த பசை. மோந்து பார்த்தேன். புளித்த வாடை. பாவுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி. கஞ்சியைத் தேய்த்துவிட்டு விரல் நுனியால் பூச்சைச் சுரண்டினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. தலைமுடி மாதிரி இருந்த விரிசலுக்குள் என் சுண்டுவிரல் நுழைந்தது.

ராட்டினம் நின்றுவிட்டது.

"அக்கா" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "நீங்க ஒட்டுனது தீபாவளிக்கு முன்னாடியே உடைஞ்சுடுச்சு தம்பி. காலையில பாயைச் சுருட்டசொல்ல பாத்தேன், ரெண்டா நின்னுக்கினு இருந்துச்சு. பழைய சாமி படத்துக் கண்ணாடியை ஒடைச்சு ஒட்டி வெச்சேன். சிமெண்டுக்கு எங்க போறது? கஞ்சிதான் இருந்துச்சு. அதுவும் உடைஞ்சுது. மறுபடி ஒட்டினேன்."

"மச்சானுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எதுக்கு அக்கா?"

"உடைஞ்சுதுன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவீங்க. அவரு வாய் சும்மா இருக்காது. நீங்களும் சும்மா இருக்க மாட்டீங்க. சண்டைன்னு ஆயிட்டா குழந்தையைக் கூட்டிக்கினு போயிடுவீங்க." தாரை மடியில் வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கு வேற என்ன இருக்குது சொல்லுங்க?"

"சுவர் விழுந்திருந்தா?"

"நான்தான சுவரோரம் படுக்கறேன். அவளை எப்பவும் இந்தாண்டதான் போட்டுக்குவேன். விழுந்தா என்மேல விழட்டும்னு."

கோபம் வந்தது. வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "சுவருக்கு அது தெரியுமா? உங்கமேல மட்டும் விழுந்துட்டு நிக்குமா அது? கூரையே சேந்து வருமே அக்கா!" என்று கத்தினேன். சித்திரைக்குப் பிறகு நான் கத்தினது அன்றைக்குத்தான். என் பெண் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள், என்னைப் பார்த்துப் பயந்து.

மறுநாள் காலை இன்ஜினியரிடம், நான் ஒட்டி உடைந்து அக்கா எடுத்து வைத்திருந்த கண்ணாடியின் இரண்டு துண்டையும் விரிசலின் அளவையும் கொண்டுபோய் வைத்தேன். நேரிலும் வந்து பார்த்தார். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்க சொந்தம்தான? வேற ஆளை அனுப்பட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும் என் பெயரைத்தான் சொல்லித் திட்டப்போகிறார்கள். அதை நேரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மச்சான் தறியில் உட்கார்ந்திருந்தார். இறங்காமலே கேட்டார். "இன்னும் அரைச் சேலைதான் மாப்ளே. கல்யாணச் சேலை. முடிச்சுட்டு நானே தறியைக் கழட்டிடறேன். இத்தினி நாள் நின்ன சுவர் இன்னும் கொஞ்ச நாள் நிக்காதா?"

"நிக்கலாம். நிக்காமயும் போகலாம். இன்னிக்கே காலி பண்ணணும்" என்றேன்.

அக்கா கண்ணாடி மாற்றின கதையை நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு, பல வாரமாக முழுசாக இருந்த கண்ணாடியை நான் வந்து பிடுங்கிவிட்டு, வீட்டை ஆபத்து என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறேன். அப்படித்தான் தெரிந்திருக்கும். உண்மையைச் சொல்லியிருந்தால் என்மேல் இருந்த கோபம் அவள்மேல் போயிருக்கும். என்மேல் கோபம் கொஞ்சம் கூடினாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

அவர் கத்தியை எடுத்துத் தானே பாவை அறுத்தார். பாதிப் பாவை அறுப்பதை எங்கள் தெருவில் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். வாசலில் கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்விட்டார்கள். நான் நின்றேன். அறுத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "உன் குழந்தையையும் கூட்டிக்கினு போ" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை நீங்க போட்டுத்தான் பேசுவார். அன்றைக்குத்தான் நீ என்றார்.

அக்கா குழந்தைக்குத் தலை வாரி ரிப்பன் கட்டிவிட்டாள். பாவாடை சட்டையெல்லாம் மடித்து ஒரு பையில் வைத்தாள். அவசரப்படவே இல்லை. பையை என் கையில் கொடுக்காமல் சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மரக்கடைக்கார பாய் ஒருத்தர் சவுக்குக் கம்பு கொடுத்தார். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிரித்தோம். தானாகவே விழும் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். கடப்பாரை போட்டுத்தான் தள்ள வேண்டியிருந்தது. "நல்லா இருந்த சுவரைப் போயி இடிக்கிறாம்பா. மச்சான்காரன்மேல என்னா காண்டோ" என்று என் காதுபடவே ஒருத்தர் சொன்னார். கீழே மண் பாதி கரைந்து பொந்தாக இருந்ததைக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன். விழுந்து நாலு பேர் செத்திருந்தால், ஓவர்சியர் அன்றைக்கே சொன்னான் என்று ஊரே கொண்டாடியிருக்கும். விழாமல் காப்பாற்றின சுவருக்கு எவன் நன்றி சொல்வான்? இந்த வேலையே அப்படித்தான்.

மச்சானும் அக்காவும் வேறு தெருவில் ஒரு வீட்டில் ஒண்டுக்குடித்தனம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்கிறாராம்.

குழந்தை என் வீட்டில் இருந்தாள். நானே கஞ்சி வைத்தேன், குழைந்துபோயிற்று. நானே தலை வாரினேன், வகிடு கோணலாகப் போயிற்று. அவள் எதற்கும் அடம் பிடிக்கவில்லை. அடம் பிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சைக்கிள் பாரில் உட்காரவைத்து வேலைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். யாராவது கட்டுகிற வீட்டு மணல் குவியலில் உட்கார்ந்து நான் கத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆமாம், மறுபடி கத்த ஆரம்பித்திருந்தேன். மற்றபடி ஒன்றும் மாறவில்லை. எழுந்தோம், சாப்பிட்டோம், போனோம், வந்தோம், படுத்தோம். அக்காவைப் பற்றி அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள், குழந்தைதானே என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் எங்கள் வீட்டுச் சுவரையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்கயும் ஒரு கண்ணாடி ஒட்டுப்பா."

"எதுக்குமா?"

"அது உடைஞ்சா இந்த வீட்ல இருக்கக் கூடாதுல்ல? அத்தைகிட்ட போயிடலாம்ல?"

குறை சொல்கிற குரலில்லை. யோசித்துக் கண்டுபிடித்த ஒரு வழியை எனக்குச் சொன்னாள், அவ்வளவுதான். ஓவர்சியர் பெண் இல்லையா, முறைப்படி போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தாள்.

சீப்பை வைத்துவிட்டேன். எங்கே இருந்ததோ, அத்தனையும் வந்துவிட்டது. என் மனைவிக்காக வராதது, அந்தச் சித்திரை முழுக்க வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். வலித்தது. நெஞ்சு எலும்புக்குள் நிஜமாகவே வலித்தது. அவள் பயந்துபோய் என் முதுகைத் தட்டி, "அழாதப்பா, ஒட்ட வேணாம், வேணாம்" என்றாள். பாதி பின்னின தலையோடு அவளும் அழுதாள்.

அன்றைக்கே அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருவில் நாலு வீடு விசாரித்துக் கண்டுபிடித்தோம். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கையிலிருந்து நழுவியது. என் பெண் சைக்கிள் நிற்பதற்குள் குதித்து ஓடினாள். அக்கா அவளைத் தூக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள், என் முகத்தைப் பார்த்தபடி. தறிச் சத்தம் நின்று மச்சான் வெளியே வந்தார். "வாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

"அவ இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. குழந்தை அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "இரு" என்றேன். எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

நான் முதலில் உள்ளே போனேன். கூடத்துச் சுவரைக் கைமுட்டியால் தட்டிக்கொண்டே போனேன். மூலைக்கு மூலை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். குழித்தறியின் குழி எவ்வளவு ஆழம், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்று டேப் பிடித்தேன். நாற்காலி போட்டு ஏறி உத்தரத்தைக் கத்தியால் குத்திப் பார்த்தேன், செல்லரித்திருக்கிறதா என்று. கொல்லைப் பக்கம் போய்த் தண்ணீர் எங்கே போகிறது, கடைக்காலில் ஈரம் ஏறுகிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்த்தேன். வியர்த்து ஊற்றியது. ஒரு விரிசல் போதும். ஒரு ஓதம், ஒரு உளுத்த கட்டை, ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், இங்கே குழந்தை இருக்கக் கூடாது என்று சொல்லி என்னோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு ஆசையாக நான் குறை தேடியதில்லை. வேலை தெரிந்த பாவி எவனோ கட்டியிருந்தான். எல்லாம் கெட்டியாக இருந்தது.

வாசலுக்குத் திரும்பி வந்தேன். அக்கா நான் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். குழந்தையின் தோள்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"எப்படி இருக்குது தம்பி?"

"நல்லா இருக்குது அக்கா" என்றேன். "குழந்தை இருக்கலாம்."